மூடுபனி இல்லாத மலை

சூச்சோ நகரத்தில் ஒரு மலையைச் சும்மா வரைந்து மாட்டினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சம்பந்தம் பேச வந்தவர்களைப் போல, இது யார் வீட்டு மலை, எந்த வம்சத்து மலை என்றுதான் முதலில் கேட்பார்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு பெரியவரின் பெயரைப் பிடித்து, ‘இன்னாரின் தூரிகையைப் பின்பற்றி’ என்று மூலையில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். மலைக்கு அந்தஸ்து வந்துவிடும். வரைந்தவருக்கும் வந்துவிடும்.

பியன் தாவ்ஹெங் அப்படிப் பிடித்துக்கொண்ட பெரியவர் நாணலோடைக் கிழவர். பியனுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. நாற்பது வருஷமாக ஒரே கிழவரைப் பின்பற்றிப் பின்பற்றி, கிழவரின் கைவண்ணம் என்றால் பியன், பியன் என்றால் கிழவர் என்று ஊரில் ஆகிவிட்டது. இதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல். கிழவர் வரைந்த படம் ஒன்றைக்கூடப் பியன் பார்த்ததில்லை. ஊரில் வேறு யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தச் சிக்கல் வெளியே தெரியாமல் சௌக்கியமாக இருந்தது.

அவர் பார்த்ததெல்லாம் ஒரு வரிதான். இருபத்திரண்டு வயதில் யாரோ இரவல் கொடுத்த பழைய புத்தகத்தில், ‘நாணலோடைக் கிழவரின் மலைகளில் கல்லைவிட மூடுபனி அதிகம்’ என்று இருந்தது. அந்தப் புத்தகத்தை எழுதியவர் எதைப் பார்த்து எழுதினாரோ, அந்தக் கேள்வி பியனுக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து மலையின் இடுப்பில் ஒரு பனி, மரத்தின் காலில் ஒரு பனி, தூரத்தில் படகில் ஒரு மீனவன், அவனுக்கும் முக்கால்வாசி பனி. பார்த்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். பதினொரு சீடர்கள் சேர்ந்தார்கள். இப்போது அவர்களும் பனி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி லான்ஷீ. நாற்பது வருஷமாக அவருக்கு மை அரைத்துக் கொடுப்பவள் அவள்தான். “இன்னிக்கு மை தண்ணியா வேணுமா, ரொம்பத் தண்ணியா வேணுமா?” என்று தினமும் காலையில் கேட்பாள். பியன் தூரிகையின் முனையை நீவிக்கொண்டிருப்பார்.

எட்டாம் மாதத்தின் கடைசியில் ஒரு காலை, தெங் குவாங்யூ வந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், பியனைவிட எட்டு வயது மூத்தவர், பழைய நண்பர். ஊரில் அவருக்கு ‘வெயில்மலைக்காரர்’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் பியன்தான்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் தெங் எங்கிருந்தோ ஒரு படச் சுருளை வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். நாணலோடைக் கிழவரின் முத்திரை இருக்கிறது, தம்பி பார் என்றார். அன்றைக்குப் பியன் வீட்டில் ஆறேழு பேர் விருந்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். பியன் ஒரு சாண் அளவு விரித்தார். பாறை பளிச்சென்று இருந்தது. “பனி எங்கண்ணே? வெயில்ல காஞ்சி போச்சா?” என்று கேட்டுவிட்டுச் சுருட்டிக் கொடுத்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தெங்கும் சிரித்தார். அதிலிருந்து இன்றுவரை அவரைப் பார்க்கும்போதெல்லாம் யாராவது, “இன்னிக்கு மலையில வெயில் எப்படி?” என்று கேட்பார்கள். “குடை எடுத்துக்கிட்டுப் போனேன்,” என்பார் தெங். கூடவே சிரிப்பார்.

“தம்பி, அடுத்த மாசம் ஒம்பதாம் தேதி எனக்கு எழுபது ஆகுது,” என்றார் தெங், தேநீரை ஊதிக்கொண்டே.

“தெரியும்ணே. நண்டு நான் அனுப்பறேன்.”

“நண்டு இருக்கட்டும். அந்தப் படத்தை எடுத்துப் பாத்தேன். பூச்சி அரிச்சிருக்கு. வெய் அக்கா கடையில புதுசா ஒட்டக் குடுத்திருக்கேன். பொறந்த நாளன்னிக்குக் கூடத்துல மாட்டப்போறேன். இதுவரைக்கும் ஒரு தடவகூட மாட்டினதில்ல.”

பியன் கோப்பையைக் கீழே வைத்தார். “எதுக்குண்ணே, பழைய கதைய...”

“மேல வெத்துக் காகிதம் விட்டு ஒட்டச் சொல்லியிருக்கேன். அதுல நீ நாலு வரி எழுதணும். பொய்யின்னே எழுது, பரவால்ல. ஆனா முழுசாப் பாத்துட்டு எழுது. அன்னிக்கு நீ பாத்தது ஒரு சாண்.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்காமல் பியன் தலையை ஆட்டினார்.

வெய் அக்கா கடை மேற்குக் கால்வாய்ப் பாலத்தடியில் இருக்கிறது. புருஷன் போனபிறகு, படங்களுக்குப் பின்னால் காகிதம் ஒட்டிச் சுருளாக்கும் தொழிலை அவள்தான் நடத்துகிறாள். எழுத்து வாசனை அதிகம் கிடையாது, கை மட்டும் தங்கம். ஊரில் உள்ள படங்கள் எல்லாம் ஏதாவது ஒரு சமயம் அவள் பசைச் சட்டியைப் பார்த்தவைதான்.

பியன் ஒரு திட்டத்தோடு போனார். ஒரு முழம் விரித்துப் பார்த்துவிட்டு, பார்த்தாயிற்று என்று வந்துவிடலாம். ஆனால் பசை காய்வதற்காகப் படத்தை விரித்துப் பலகைச் சுவரில் அப்படியே ஒட்டியிருந்தாள் வெய். பத்து நாளைக்கு அது அந்தச் சுவரை விட்டு வராது. யாராலும் சுருட்ட முடியாது. தலையிலிருந்து கால்வரை, ஆள் உயரத்துக்கு மேல், படம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பட்டு தேநீர் நிறத்துக்கு முற்றியிருந்தது. மை நூலுக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. ஒரு செங்குத்தான பாறை. அதன்மேல் சின்னச் சின்னதாகக் காய்ந்த கோடுகள், ஆயிரம் இருக்கும், ஒன்றாவது அவசரத்தில் போட்டதில்லை. பாறை பாறையோடு எங்கே சேர்கிறது, தண்ணீர் எந்த வெடிப்பில் இறங்குகிறது, வேர் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, எல்லாம் தெரிந்தது. கீழே பாதையோரத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து, ஒரு காலின் செருப்பைக் கழற்றிக் கல்லை உதறிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் எரிச்சல்கூடத் தெரிந்தது. பனி ஒரு சொட்டு இல்லை.

பியன் எத்தனை நேரம் நின்றாரோ தெரியாது. முதலில் சந்தோஷம்தான் வந்தது. கால் வலித்தது, தாகம் எடுத்தது, இரண்டையும் மறந்துவிட்டார். பிறகுதான் பயம் வந்தது. ஆயிரம் பழைய படங்களைப் பார்த்த கண் அவருடையது. அதை ஏமாற்ற அவராலேயே முடியவில்லை. முந்நூறு வருஷத்துப் பட்டு, அந்தக் காலத்து மை, கிழவரின் முத்திரை. இது உண்மை. கிழவரின் கை. நாற்பது வருஷமாகத் தன் மலைகளில் எங்கெங்கே பனி இறங்கியது என்று அவருக்கு ஞாபகம் வந்தது. பாறை பாறையோடு சேரும் இடத்தில். வேர் பிடிக்கும் இடத்தில். வரைய வராத இடம் ஒவ்வொன்றிலும், சொல்லி வைத்தாற்போல.

“நல்லா வந்திருக்குல்லய்யா?” என்றாள் வெய், பசையைக் கிண்டிக்கொண்டே. “அழுக்கெடுக்கவே ஏழு நாளாச்சு. கீழ எடது மூலையில பாருங்க, பழைய ஓரப்பட்டு ஒரு வெரல் அகலம் படத்து மேலயே ஏறி ஒட்டிக்கிச்சு. இப்ப இழுத்தா கிழிஞ்சிரும். காயட்டும், மூங்கில் கத்தியால எடுத்துடறேன்.”

“ம்,” என்றார் பியன்.

“ஒடம்பு சரியில்லயா ஐயா? தண்ணி தரட்டா?”

வீட்டுக்கு வந்தவர் மதியச் சாப்பாட்டை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். லான்ஷீ பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னங்க, படம் பொய்யா?”

“உண்மை.”

“பனி?”

“இல்ல.”

லான்ஷீ மீனிலிருந்து முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தாள். “அந்தக் கிழவருக்கு எவ்வளவு திமிர் பாருங்க. முந்நூறு வருஷம் கழிச்சுப் பியன் ஐயா எப்படி வரையப்போறார்னு ஒரு வார்த்த கேட்டுட்டுல்ல வரைஞ்சிருக்கணும்.”

“நான் எவ்வளவு சங்கடத்துல இருக்கேன், நீ வேற.”

“சங்கடம் என்ன சங்கடம். உண்மைன்னு எழுதிட்டு வாங்க.”

“எழுதினா? நாப்பது வருஷமா நான் எழுதின அத்தன மூலையும் பொய்யாயிடும். பதினோரு பேர் என்னை நம்பிப் பனி போட்டுக்கிட்டிருக்காங்க.”

“பொய்யின்னு எழுதினா?”

பியன் தட்டைத் தள்ளி வைத்தார்.

“தெங் அண்ணன் முப்பது வருஷமாச் சிரிச்சுக்கிட்டே இருக்கார்,” என்றாள் லான்ஷீ. இந்தத் தடவை அவள் குரலில் கிண்டல் இல்லை. “சிரிக்கிறவங்களுக்கு வலிக்காதுன்னு நெனச்சுட்டீங்க. ஆசையா வாங்கின படத்த ஒரு நாளாவது செவுத்துல மாட்டினாரா அந்த மனுஷன்?”

பியனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வெட்கத்துக்கும் பயத்துக்கும் நடுவில் எதையாவது எழுதிவிட முடியாதா என்று பார்ப்பதுதான் படித்தவனின் புத்தி. அடுத்த எட்டு நாளும் அறைக்குள் உட்கார்ந்து வாசகம் எழுதினார். ‘பழமையின் மணம் வீசுகிறது’ என்று ஒன்று. ‘பார்ப்பவர் மனத்தைப் பொறுத்தது’ என்று ஒன்று. ‘நண்பரின் அன்பு மலையைவிடப் பெரியது’ என்று இன்னொன்று. மொத்தம் ஏழு. ஏழிலும் எழுத்து அழகாக இருந்தது, ஏழும் எதையும் சொல்லவில்லை. லான்ஷீ ஏழையும் வரிசையாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“உங்க கைதான், சந்தேகமே இல்ல,” என்றாள். “மலையே இல்ல. வெறும் பனி.”

ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி நல்ல வெயில். தெங் வீட்டுக் கூடத்தில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். மையும் மைக்கல்லும் எடுத்துக்கொண்டு லான்ஷீயும் வந்திருந்தாள். நண்டு வெந்துகொண்டிருந்தது, இஞ்சியும் காடியும் தட்டுத்தட்டாக வந்தன. பீச்சுப்பழ வடிவத்தில் பிடித்த கொழுக்கட்டைகளை மேஜையில் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். அதற்குப் பின்னால் சுவரில் படம். வெய் அக்கா காலையிலேயே வந்து தன் கையால் மாட்டிவிட்டு, கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள்.

வந்தவர்கள் எல்லோரும் தூரத்திலிருந்தே படத்தைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் பக்கத்தில் போகவில்லை. பொய் என்று முப்பது வருஷமாகத் தெரிந்த படத்தை யார் குனிந்து பார்ப்பார்கள்?

“தெங் ஐயா, கூடத்துல ரொம்ப வெக்கையா இருக்கே,” என்றார் ஒருவர்.

“ஜன்னலத் தெறந்து வெச்சிருக்கேன்,” என்றார் தெங். கூடவே சிரித்தார்.

பியன் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். வாய் சிரித்தது. கைகள் மட்டும் புதுச் சட்டையின் நுனியைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தன. முப்பது வருஷமாக அந்தக் கைகள் அப்படித்தான் செய்திருக்கின்றன, தான் ஒருநாளும் பார்க்கவில்லை என்று அவருக்குப் பட்டது. பையில் ஏழு வாசகங்கள் இருந்தன. அவர் எடுக்கவில்லை.

“அது உண்மையான படம்,” என்றார் பியன். “நாணலோடைக் கிழவர் வரைஞ்சது.”

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். பிறகு பியனின் மூத்த சீடன் பாங் எழுந்தான். ஐம்பது வயது ஆள், ஆசானைவிட அதிகப் பனி போடுகிறவன். கண்ணில் நீர் தளும்ப, “பாத்தீங்களா எங்க ஐயா மனச,” என்றான். “நண்பரோட பொறந்த நாளுக்காகத் தன்னோட கண்ணையே தட்சணையாக் குடுக்கறார்.”

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

“நான் யாருக்காகவும் சொல்லலப்பா. இது உண்மை. நான் இதுவரைக்கும் கிழவரோட படம் ஒண்ணுகூடப் பாத்தது கெடையாது. அந்தப் பனியெல்லாம் நானாப் போட்டது.”

“என்ன அடக்கம்,” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“அடக்கம் இல்லய்யா. நெஜம்.”

“பெரியவங்க அப்படித்தான் சொல்வாங்க,” என்றான் பாங். “யோசிச்சுப் பாருங்க. இது கிழவர் வரைஞ்சதுன்னா இதுல ஐயாவோட பனி இருக்கணும். இல்ல. அப்ப இது எப்படிக் கிழவர் வரைஞ்சதாகும்?”

இதைவிடத் தெளிவாக யாரும் வாதாட முடியாது. இருபது தலைகள் ஆடின. பியன் தன் வாழ்நாளில் சொன்ன ஒரே பெரிய உண்மை, நண்டு வாசனையோடு ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் தெங்கைப் பார்த்தார். அவர் ஒருவர் நம்பினால் போதும்.

தெங் பக்கத்தில் வந்து அவர் தோளைத் தொட்டார். “விடு தம்பி. பொறந்த நாளும் அதுவுமா எனக்காகப் பொய் சொல்லாத. பொய்யின்னே எழுதுன்னு நான்தான சொன்னேன்.”

அதுதான் பியனைச் சுட்டது. தான் கெடுத்துவைத்தது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. படத்துக்குச் சொந்தக்காரரே படத்தைக் கைவிட்டுவிட்டார்.

“வெய் அக்கா, படத்த எறக்குங்க,” என்றார் பியன். “அந்தக் கொழுக்கட்டையத் தள்ளி வைங்க. லான்ஷீ, மை. கெட்டியா.”

லான்ஷீ ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு அரைக்க ஆரம்பித்தாள். நாற்பது வருஷத்தில் கெட்டியாக அரைக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கை வலிக்க வலிக்க அரைத்தாள்.

மேலே விட்டிருந்த வெற்றுக் காகிதத்தில் பியன் எழுதினார். எல்லோரும் சுற்றி நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்கள். முதல் வரி முடியும்போதே பாங்கின் வாய் திறந்துகொண்டது.

‘முப்பது வருஷத்துக்கு முன் இதை ஒரு சாண் விரித்துப் பார்த்துப் பொய் என்றேன். இன்று முழுவதும் பார்த்தேன். இது நாணலோடைக் கிழவரின் கை. என் மலைகளில் உள்ள பனி என்னுடையது, அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் அவர் படம் எதையும் பார்த்ததில்லை. தெங் குவாங்யூ அண்ணனின் கண் சரியாகப் பார்த்தது. அவரைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்தவன் நான்.’

கீழே பெயர் எழுதினார். பைக்குள்ளிருந்து முத்திரையை எடுத்துச் சிவப்பு மையில் அழுத்தி, காகிதத்தில் வைத்து உள்ளங்கையால் நன்றாக அமுக்கினார். வாயால் சொன்னதை அடக்கம் என்று தள்ளலாம். அடுத்தவர் சுருளில் முத்திரை குத்தி யாரும் அடக்கம் காட்டுவதில்லை. சூச்சோவில் பிறந்த எல்லோருக்கும் அது தெரியும். ஒருவர் இருமினார். மற்றவர்கள் பாங்கைப் பார்த்தார்கள்.

வெய் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். “ஐயா, இவ்வளவு எழுத்துப் படிக்கிறீங்க, இதையும் படிச்சிருங்க. அந்த ஓரப்பட்டக் காலையிலதான் எடுத்தேன். அடியில என்னமோ பொடிப்பொடியா எழுதியிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியல.”

பியன் குனிந்தார். இடது மூலையில், செருப்பை உதறும் ஆளுக்குப் பக்கத்தில், எள் அளவு எழுத்துகள். பட்டு மூடியிருந்ததால் நேற்று எழுதியதைப்போலக் கறுப்பாக இருந்தன. ஒருமுறை தனக்குள் படித்தார். இன்னொருமுறை படித்தார். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னங்க?” என்றாள் லான்ஷீ.

அவர் சத்தமாகப் படித்தார். ‘குளிர்கிணற்றுத் துறவியின் தூரிகையைப் பின்பற்றி, நாணலோடைக் கிழவன் வரைந்தது. துறவியின் படம் எதையும் நான் பார்த்ததில்லை. அவர் மலைகளில் வெயில் அதிகம் என்று ஒரு நண்பர் சொன்னார். நம்பி வரைந்தேன்.’

முதலில் சிரித்தது லான்ஷீதான். அப்புறம் வெய் அக்கா. அப்புறம் கூடம் முழுக்கச் சிரித்தது, பாங்கைத் தவிர. அவன் உட்கார்ந்துவிட்டான், பாவம், பத்து விரலையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லாரும் ஒண்ணு வேண்டிக்குங்க,” என்றாள் லான்ஷீ, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அந்தத் துறவியோட படம் மட்டும் யார் கைக்கும் கெடைக்கக் கூடாது.”

மறுபடியும் சிரிப்பு. பியனும் சிரித்தார், முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல இருந்தது. கிழவரும் நம்மவர்தான் என்ற நினைப்பு இனித்தது. பிறகுதான் தெங் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார். எதற்கும் சிரிக்கிற மனுஷர், இன்று இருபது பேர் சிரிக்கும்போது சிரிக்காமல் நின்றார். கைகள் சட்டை நுனியை விட்டிருந்தன.

“நண்டு ஆறிப்போகுதுண்ணே,” என்றார் பியன்.

“ஆறட்டும். எனக்குக் கண் சரியாத் தெரியல. இன்னொரு தடவ படி தம்பி.”

“இந்தப் பொடி எழுத்தையா?”

“அது கிழவர் சமாச்சாரம், எனக்கென்ன,” என்றார் தெங். “மேல நீ எழுதினியே, அத.”